இரண்டு நாள் கூடுதலாக ஊறிய ஆளி

மன்னாரில் இருந்த பிலோமினா அக்காவின் குடும்பம் ஒன்றை உறுதியாக நம்பியது: பாரிசில் அவருக்கு நிரந்தர வேலைப் பத்திரம் கிடைத்துவிட்டால், மகள் அடுத்த ஆண்டே தாயிடம் வந்து சேர்வாள். அதில் கையொப்பமிட வேண்டியவர் எங்கள் பத்ரோன், பட்டறை முதலாளி. என் பத்திரமும் அவர் கையொப்பத்துக்காகவே காத்திருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிசின் லாஷப்பல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவை ஒட்டிய ஒரு முற்றத்தில் பட்டறை இருந்தது. பழைய லினன் விரிப்புகளைத் திருத்துவதற்கான நூலை அங்கே பழைய முறையிலேயே செய்தோம். லினன் நார் தரும் ஆளிச் செடியின் தண்டுகளைத் தொட்டியில் ஊறவைத்து, உலர்த்தி, மரக்கட்டையால் நொறுக்கி, சக்கையை உதறி, ஆணிச் சீப்பில் நாரை வாரி, ஈரக் கையால் நூற்போம். வேலைக்கு நாங்கள் இருவர். ஊரில் ஆசிரியையாக இருந்த எனக்குப் பிரெஞ்சு ஓரளவு வரும், அக்காவுக்கு வராது. பத்ரோன் சொல்வதை அவருக்குத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு.

ஒரு கோடையில் பத்ரோன் ஒரு வாரம் வெளியூர் போனார்.

"தினமும் ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள். நார் நுனிவரை கழன்று வந்தால் அன்றைக்கே வெளியே எடுங்கள். பிந்தினால் அழுகிவிடும்" என்றார். அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலை நார் கழன்று வந்தது.

"எடுப்பமே அக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். ஊரில் தென்னம் பொச்சை, தேங்காய் மட்டையை, ஊறப்போட்டு அடித்துத் தும்பு நார் எடுத்துப் பழகிய கை அவருடையது.

"ஐஞ்சு நாளிலை என்ன ஊறும் ரீச்சர்? பொச்சு மாசக்கணக்கா ஊறினால்தான் தும்பு. கிடக்கட்டும்."

"பத்ரோன் சொன்னவரல்லே..."

"அவர் கால்சட்டையை மடிச்சுக்கொண்டு சேத்துக்குள்ளை இறங்கினவரே? புத்தகத்தைப் பாத்து நார் உரிக்கேலாது, ரீச்சர்."

மூத்தவரின் சொல்லை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் விட்டோம்.

பத்ரோன் திரும்பி வந்து ஒரு பிடி நாரை இழுத்துப் பார்த்தார். ஈரக் காகிதம் போல அறுந்தது. யாருடைய முடிவு என்று கேட்டார். அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"என்ரை முடிவெண்டு சொல்லும், ரீச்சர். அதுதானே உண்மை."

அதைப் பிழையின்றிப் பிரெஞ்சில் சொன்னேன். ஐந்தாம் நாளே நார் கழன்றதை நானும் கண்டேன், கண்டும் விட்டேன் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் பத்ரோன் என் பத்திரத்தில் கையொப்பமிட்டார். அக்காவின் பத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா பாரிசின் புறநகரான ஸ்தேனில் கட்டடம் துடைக்கும் வேலைக்குப் போனார், பத்திரமில்லாத வேலை. சில ஆண்டுகள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்று, பத்ரோனிடம் என் பங்கை மறைத்ததை எல்லாம் சொன்னேன்.

"இப்ப என்னத்துக்கு ரீச்சர் அதெல்லாம்?" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

இத்தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: நார் கழன்றதைக் கண்டவர், யார் முடிவென்று கேட்கும் வேளையிலேயே தானும் கண்டதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்வதால் எதுவும் மீளாது.

அக்கா ஸ்தேனிலேயே இறந்தார். மகள் மன்னாரில் இருக்கிறாள்.