பெல் சத்தம்

விபோர்க் நகரிலிருந்து, தண்டவாளம் அகற்றிய பழைய ரயில் பாதை வழியே மூன்று நாள் சைக்கிள் பயணம். நாங்கள் நான்கு பேர், எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். என் மனம்தான் கேட்கவில்லை. மற்ற இருவரும் முன்னே பறந்துவிட, நான் அவருக்குப் பின்னாலேயே ஓட்டினேன். மதியத்துக்குள் பதினொரு தரம் நின்றார்.

“அண்ணை, என்ரை மூச்சையோ எண்ணுறியள்? நீங்கள் எண்ண எண்ணத்தான் எனக்கு இளைக்குது. முன்னுக்குப் போங்கோ.”

“போறன். ஆனா ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பெல் அடிக்கோணும்.”

“ஓம், ஓம், அடிக்கிறன்.”

ஆறு தரம் அடித்தார். ஏழாவது கேட்கவில்லை. எட்டு நிமிடம் பொறுத்தேன். பாதை வளைந்திருந்ததால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. சைக்கிளைத் திருப்பி, இருந்த பலமெல்லாம் கொண்டு மிதித்தேன்.

கைவிடப்பட்ட ஸ்டேஷன் ஓரத்தில் நின்று பிளாக்பெரி பிடுங்கித் தின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டு கையிலயும் பழம். என்னெண்டு பெல் அடிக்கிறது?”

மூச்சு வாங்கியதில் எனக்கு ஏச்சுக்கூட வரவில்லை. அவர் என்னைப் பிடித்து இருத்தி, என் மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நாடி எண்ணினார்.

“எவ்வளவு?” என்றேன்.

“சொல்லமாட்டன். வாங்கோ, போவம்.”

அன்றைக்குத் தங்குமிடத்துக்கு மிச்சம் ஒன்பது கிலோமீற்றர். கேட்டுக் கேட்டே ஓட்டினேன், கடைசிவரை சொல்லவில்லை.