பேத்திக்காக நான் சொன்ன பதில்கள்

ஒரு பள்ளிக்கூடத்துக்கு யார் செலவு செய்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. கட்டடமும் கதிரைகளும் நகரசபையின் பொறுப்பு. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மாநில அரசு. தனியாகச் சமாளிக்க முடியாத பிள்ளைக்கு வகுப்பில் ஓர் உதவியாளர் வேண்டுமென்றால் மறுபடியும் நகரசபைதான், ஆனால் வேறு அலுவலகம். அதிலும் பிள்ளையின் குறைபாடு மனம் சார்ந்தது என்றால் இளையோர் அலுவலகம். உடலோ அறிவு வளர்ச்சியோ சார்ந்தது என்றால் சமூகநல அலுவலகம். என் பேத்தியின் விண்ணப்பம் இந்த இரண்டுக்கும் இடையில் மாதக்கணக்கில் அலைந்தது.

இதைப் பலருக்கும் விளக்கியிருக்கிறேன். விளக்கும்போதெல்லாம் இந்தக் குழப்பம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றவன். ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்கு வந்து தபால் பிரிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றேன். சனிக்கிழமைகளில் தமிழ்ச் சங்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கடிதங்களோடு வருவார்கள். அகதி மனு, ஊனமுற்றோர் அட்டை, வீட்டு வாடகை உதவி என்று எல்லாம் எழுதிக்கொடுத்தேன். ஊர்ச் சனத்தின் வலிகளை ஒன்றும் விடாமல் எழுதிய கை இது.

பேத்திக்கு அப்போது ஆறு வயது. எங்கள் தெருவிலுள்ள சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். மாடிவீட்டுச் சிறுமி ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். உதவியாளர் கிடைத்தால்தான் அங்கே வைத்திருக்க முடியும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். விசாரிப்பதற்கு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகளுக்கு அப்போது ஜெர்மன் தெரியாது. ஆகவே நான் நடுவில் உட்கார்ந்தேன். பேத்தி வாசல் நடையில் எல்லோருடைய சப்பாத்துகளையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், வந்தவருடையதையும் சேர்த்து.

பிள்ளை தனியாகக் கழிப்பறைக்குப் போவாளா என்று அவர் கேட்டார்.

"ஏலாது மாமா. நான் கூடப் போகவேணும்," என்றாள் மருமகள். "சத்தம் கேட்டா வகுப்பை விட்டு ஓடுறாள். றோட்டில வாகனம் வாறதும் பாக்கமாட்டாள். எல்லாத்தையும் சொல்லுங்கோ."

சில வேளைகளில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்று நான் ஜெர்மனில் சொன்னேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள். "இவ்வளவுதானோ மாமா?"

"ஜெர்மன்காரர் சுருக்கமாச் சொல்லுற சனம், பிள்ளை," என்றேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் அப்படியே நடந்தது. அவள் அழாக்குறையாகச் சொன்னதை நான் துடைத்து, மடித்து, ஒரு நல்ல பிள்ளையாக்கிக் கொடுத்தேன். ஏன்? நம் பிள்ளையை நல்லவிதமாகச் சொன்னால்தான் பள்ளிக்கூடம் வைத்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் குறையை அந்நியர் முன் விரிக்க வெட்கமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

மறுப்புக் கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் அலுவலகக் கடிதங்களை வாசிப்பது எப்போதும் நான்தான். பிள்ளை பெரும்பாலும் தானாகவே சமாளிக்கிறாள் என்று அப்பப்பா, அதாவது நான், தெரிவித்திருப்பதால் உதவியாளர் தேவையில்லை என்று எழுதியிருந்தது. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம் என்றும் இருந்தது. நகரசபையிடம் காசில்லையாம் என்று மகனுக்கும் மருமகளுக்கும் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். அந்த ஒரு மாதமும் போய்விட்டது. அடுத்த பள்ளித் தவணையில் பேத்தியை ஆற்றுக்கு அந்தப்பக்கமுள்ள, குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான விசேட பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிறிய பேருந்து ஏற்றிப்போனது. மாடிவீட்டுச் சிறுமி சில நாள் வந்து மணியடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு வரவில்லை.

மருமகள் ஜெர்மன் படித்தாள். முதியோர் இல்லத்தில் வேலைப் பயிற்சிக்கும் சேர்ந்தாள். போன வருடம் பேத்தியைத் திரும்பத் தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமென்று, கடிதங்கள் இருந்த பழைய கோப்பை எடுத்தாள். நான் குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, இதில காசைப் பற்றி ஒண்டும் இல்லையே."

அவர்கள் அப்படித்தான் மறைத்து எழுதுவார்கள் என்றேன். அவள் அந்த வரியை ஜெர்மனில் மெதுவாக வாசித்தாள். வாசித்துவிட்டு, "அப்பப்பா எண்டா நீங்கள்தானே?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவள் கோப்பை மூடினாள். "வாற கிழமை அலுவலகத்தில சந்திக்க டெர்மின் தந்திருக்கினம். நீங்களும் வாங்கோ. கதைக்க வேண்டாம்."

அலுவலகத்தில் இருந்தவர் வேறொருவர். மருமகள் கழிப்பறை முதல் றோட்டு வரை எல்லாவற்றையும் சொன்னாள். தடுமாறினாலும் நிறுத்தவில்லை. அவர் பழைய தாள்களைப் புரட்டி, இதில் நேர்மாறாக இருக்கிறதே, பிள்ளை பின்னடைந்துவிட்டாளா என்று கேட்டார். மருமகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதைச் சொன்னவன் நான் என்றேன். தாய் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். காரணத்தை விட்டுவிட்டு, மாற்றியது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

திரும்பும்போது டிராமில் மருமகள் சொன்னாள்: "கதைக்க வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்." கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் வந்தது. உதவியாளருக்கு ஓம். ஆனால் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் இடம் உண்டா என்பதை முடிவுசெய்வது இன்னோர் அலுவலகமாம். அது நகரத்தினுடையதா மாநிலத்தினுடையதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அவள் தொலைபேசியை எடுத்துவிட்டாள். யாரோ தெரியாத ஒருவருக்கு, தன் மகளுக்கு என்னென்ன ஏலாது என்று குசினியில் நின்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நான் கதவருகில் நின்று கேட்டேன். ஒன்றையும் அவள் குறைக்கவில்லை.