பேட்டரியின் வாயில் இட்லி மாவு

அங்கிள், நீங்கள் எழுதியது பொய். பனிப்புயலில் கரண்ட் போன அன்று, வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்க உங்கள் கராஜில் மாட்டியிருந்த பேட்டரி பாதியில் நின்றது. அதுவரை உண்மை. ‘டப்பா டிசைன், வெடிக்கப் பார்த்தது, யாரும் வாங்காதீர்கள்’ என்று எங்கள் பிரிட்ஜ்வாட்டர் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்களே, அது பொய்.

அந்தப் பேட்டரியைக் குளிர்விக்கும் பகுதியை வடிவமைத்தவள் நான். சின்னக் கம்பெனி, என் முதல் வேலை அது. உங்கள் மெசேஜைப் பார்த்து, வாங்குவதாக இருந்த குடும்பங்கள் பின்வாங்கின. அடுத்த மாடலை வேறு ஆளிடம் கொடுக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

மறுநாளே லேப்டாப்போடு உங்கள் கராஜுக்கு வந்தேன். பேட்டரி சேமித்து வைத்திருந்த அன்றைய தகவலைத் திறந்தேன். சூடு ஏற ஏற விசிறி முழு வேகத்தில் சுற்றியிருக்கிறது. ஆனாலும் சூடு இறங்கவில்லை. எல்லையைத் தொட்டதும் பேட்டரி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. நான் செய்யச் சொன்னபடியே! அப்படியென்றால் காற்று வெளியே போக வழியில்லை.

குனிந்து பார்த்தேன். காற்று வெளியேறும் வாயை அடைத்துக்கொண்டு, கம்பளி சுற்றிய பெரிய எவர்சில்வர் தூக்கு.

“ஆன்ட்டி, இது என்ன?”

“இட்லி மாவும்மா. இந்தக் குளிர்ல எங்க பொங்குது? ஓவன்ல லைட் போட்டு வச்சும் வேலைக்காகல. இங்க சூடா காத்து வருதுன்னு அங்கிள்தான் கண்டுபிடிச்சார். ஒட்டி வச்சா காலைல மூடியத் தள்ளிட்டு நிக்குது! புயலன்னிக்கும் இங்கதான் வச்சிருந்தோம்.”

சிரித்தேன், கத்தவும் செய்தேன். தூக்கை நகர்த்திவிட்டு ஹீட்டர், அடுப்பு, கார் சார்ஜர் எல்லாவற்றையும் பேட்டரியில் ஓடவிட்டேன். விசிறி உறுமியது. திரையில் சூட்டுக் கோடு ஏறியது, வளைந்தது, படுத்தது. கராஜிலேயே குதித்தேன்.

“பாத்தீங்களா அங்கிள்! அடங்கிடுச்சு பாருங்க!”

“சாரிம்மா, விடு. குரூப்ல இதெல்லாம் போட்டா ஆன்ட்டி மானம் போயிடும்.”

“என் மானத்த ஏன் இழுக்கறீங்க? எடம் காட்டுனது நீங்கதானே!” என்றார் ஆன்ட்டி.

ஆன்ட்டியின் நேர்மையில் பாதிகூட உங்களுக்கு இல்லை. முதலாளி தகவலைப் பார்த்தார், நம்பினார். குழுவில் இருப்பவர்கள் இன்னும் உங்களைத்தான் நம்புகிறார்கள். அவர்கள் வாங்காமல் அடுத்த மாடல் என் கைக்கு வராது. கராஜுக்குள் சொன்ன ‘சாரி’ எனக்கு வேண்டாம். எங்கே எழுதினீர்களோ அங்கேயே, எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள்: பேட்டரியின் வாயை அடைத்தது யார்?