சிவப்பா, பொன்னா

உளி விரல் நுனியில் நின்றது. கல்லறைக் கல்லின் இடது பக்கத்தில் ஒரு பள்ளம், பழைய சிமெண்டால் அடைத்தது. சூன் தாட்டின் கைகள் சுத்தியலை ஓங்கவில்லை, தட்டின. உளி சிமெண்டைத் தொடலாம், கல்லைத் தொடக்கூடாது. உதிர்ந்த தூளைத் தேய்ந்த பல் பிரஷ் ஒன்று தள்ளிவிட்டது. அடியிலிருந்து ஒரு கோடு தெரிந்தது. அதன்கீழ் இன்னொன்று.

சூன் தாட்டுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. பினாங்கில் எங்கள் குன்று இடுகாட்டுக் கற்களில் பாதி அவர் வெட்டியவை. கல் அவர் வேலை, சுற்றிலும் மேடையும் பூச்சும் என் வேலை. பல வருடங்களாக அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டில் என் சம்பலை எடுத்துக்கொண்டு தன் வறுத்த மீனை என் பக்கம் தள்ளுவார். அதற்கு மேல் பேச்சு அதிகம் கிடையாது.

மனைவியின் கல்லில் தன் பெயரையும் அவரே வெட்டி வைத்திருந்தார். மனைவி பெயருக்குப் பொன், அவர் பெயருக்குச் சிவப்பு. போனவர் பொன், இருப்பவர் சிவப்பு என்பது இங்கே வழக்கம். மழையில் சிவப்பு வெளுத்தால் போய் ஒரு பூச்சு பூசிவிட்டு வருவார். "இன்னும் சாகல. சரியா காட்டணும்ல," என்பார்.

அன்று வேலை தியோ குடும்பத்துக் கல்லில். தகப்பனார் செத்துப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் இருந்த மனைவியும் போன மாதம் போய்விட்டார். அவருக்குப் பொன் பூச வேண்டும். மகன் தெங் ஹூய் மேட்டின் ஒரு முனையில் நின்றார். மகள் பீ காய்க் மறு முனையில் குடை பிடித்து நின்றார். தகப்பனாருக்கு வந்த முதல் செங் பெங்கிலிருந்து, அதாவது கல்லறைகளைத் துடைத்துப் படைக்கும் நாளிலிருந்து, இருவருக்கும் பேச்சில்லை.

பிள்ளைகள் பெயரையும் கல்லில் வெட்டுவார்கள். அந்த முதல் செங் பெங்கில் பீ காய்க் பார்த்தபோது தன் பெயர் இருக்க வேண்டிய இடம் சிமெண்டால் மூடியிருந்தது. அண்ணனுக்குப் பிடிக்காத ஒருவரை அவர் கட்டிக்கொண்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அண்ணன்தான் மூடச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினார். தெங் ஹூய் பார்த்தபோதோ, மகள் வரிசையில் ஒரு பெயர் சிவப்பாகப் பளிச்சென்று இருந்தது. அவருக்கு இருப்பது ஒரே தங்கை. பெயர் இருக்கும்போதே இல்லை என்று சாதிக்கிறாள், சண்டைக்கு வழி தேடுகிறாள் என்று அவர் முடிவு கட்டினார். பக்கத்தில் இருந்த சிமெண்டு, உளி தவறிய இடம் என்று நினைத்தார். இருவரும் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். சீன எழுத்தில் அவரவர் பெயரின் உருவம் மட்டும் தெரியும்.

தாய் செத்ததும் பீ காய்க் சூன் தாட்டைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: இந்தச் செங் பெங்குக்குள் தன் பெயர் கல்லில் வர வேண்டும், வராவிட்டால் அம்மாவின் கல்லறைக்கு இனி வரப்போவதில்லை. அதற்காகத்தான் இந்த உளி.

சிமெண்டு முழுக்க உதிர்ந்ததும் பீ காய்க் குனிந்து பார்த்தார். "இதுதான் என் பேரு."

தெங் ஹூய் மற்றதைக் காட்டினார். "அப்ப இது யாரு?"

"குவாட் சிம்," என்றார் சூன் தாட். "கல்லுல வலது பக்கத்திலேர்ந்துதான் எழுதுவோம். வலது பக்கம் இருக்கிறது மூத்தது. உனக்குத் தங்கச்சி, இவளுக்கு அக்கா."

பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான். தகப்பனார் சாவதற்கு முன்பே கல்லுக்குச் சொல்ல வந்தார். ஒரு மகன், இரண்டு மகள் என்று பெயர் கொடுத்தார். அடக்கம் முடிந்து சில நாளில் தாய் தனியாக வந்து, இடது பக்கப் பெயரில் விரலை வைத்து, மூடு என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கலியாணச் சண்டை சூன் தாட்டின் காதுக்கும் வந்திருந்தது. அதுதான் காரணம் என்று நினைத்து மூடினார்.

"கேட்டிருக்கலாம்ல, சேக்?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டார் தெங் ஹூய்.

"வெரல் வெச்சாங்க. மூடிட்டேன்." சூன் தாட் உளியைத் துடைத்தார். "கேட்டிருக்கணும்."

பீ காய்க் குடையை மடக்கினார். இத்தனை வருடம் அண்ணன் மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது செத்த தாய் மேல் வைக்க வேண்டியிருந்தது. கிளம்பப் பார்த்தார். சூன் தாட் பெயிண்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"இந்தக் குவாட் சிம்முக்கு என்ன பூசறது? சிவப்பா, பொன்னா?"

இருவருக்கும் தெரியவில்லை. தெரியாமல் பூச மாட்டேன் என்று அவர் டப்பாவை மூடிவிட்டார்.

கேட்க ஒருவர்தான் மிச்சம். தாயின் தங்கை, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் முதியோர் இல்லத்தில் இருந்தார். பீ காய்க் தொலைபேசியில் கேட்டதற்கு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு தடவை சொல்ல எனக்கு மூச்சில்லை என்றாராம். ஒரே படகில் போனார்கள், வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து. அங்கே நடந்ததைத் தெங் ஹூய் பின்னால் என்னிடம் சொன்னார்.

குவாட் சிம் புலி வருடத்தில் பிறந்தவள். புலிப் பெண் வீட்டில் வளர்ந்தால் தகப்பனுக்கு ஆகாது என்று கோயில் சாமியாடி சொன்னான். தகப்பனாரின் காய்கறிக் கடைக்கு வந்துபோன ரயில்வே காவலாளியின் மனைவி, தமிழ்ப்பெண், பிள்ளை இல்லாதவர். அவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்த தகப்பனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் வைக்க முடியாதவளைக் கல்லிலாவது வைத்தார். கும்பிட வருகிறவர்கள் இது யார் என்று கேட்பார்களே என்று தாய் பயந்தார்.

"அப்ப அவ பேரைத்தான் மூடணும். என் பேரை ஏன் மூடினாங்க?" என்று பீ காய்க் கேட்டிருக்கிறார்.

கிழவி சிரித்தாராம். "நீங்கதான் உங்கம்மாவுக்குக் கத்துக் குடுத்தீங்க. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைப் பலகையெல்லாம் இடது பக்கத்திலேர்ந்து வெரல் வெச்சுப் படிச்சுக் காட்டுவீங்கள்ல. மூத்தவ இடது பக்கம்னு நெனச்சா."

மாற்றி மூடிவிட்டது மகள் சண்டை போட்ட அன்றே தாய்க்குப் புரிந்துவிட்டது. திறந்தால் மூத்தவள் கதை வெளியே வரும். பேசாமல் இருந்துவிட்டார், பதின்மூன்று வருடம்.

திரும்பும்போது இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்களாம்.

செங் பெங் அன்று காலை மூன்று பேர் மேடேறி வந்தார்கள். மூன்றாவது ஆள் புடவை கட்டியிருந்தார். கிழவி சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடிப் பிடித்தார்களாம். பட்டர்வொர்த்துக்குப் பக்கத்துப் பிறை ஊரில் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர், பெயர் குணவதி. முகம் அப்படியே பீ காய்க்.

சூன் தாட் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தார். டப்பாவைத் திறந்து, வலது பக்கப் பெயரில் கோடு கோடாகச் சிவப்பை ஏற்றினார். பிறகு பீ காய்க் பெயரில்.

குணவதி என்னிடம் தமிழில் கேட்டார். "இதுல எதுண்ணே நானு?"

நான் சொல்வதற்குள் சூன் தாட்டுக்கு விளங்கிவிட்டது. ஈரத்தில் படாமல், வலது பக்கப் பெயருக்குக் கீழே விரலை வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்க்கும்வரை எடுக்கவில்லை.

"நல்லா பாத்துக்குங்க," என்றார். "இனி யாரு வெரல் வெச்சாலும் மூட மாட்டேன்."

பிறகு, வேலை முடியும்வரை கல்லின் தலையை மூடிவைக்கிற சிவப்புக் காகிதத்தை எடுத்து மடித்துத் தெங் ஹூயின் கையில் கொடுத்தார்.