வண்டிக்கு எது இடது

தையல் கம்பெனியில் சேர்ந்த மூன்றாம் நாள், தடித்த துணியை மிஷினுக்குள் திணித்து ஊசியை உடைத்துவிட்டேன். ஊசியோடு போயிருந்தால் பரவாயில்லை, உள்ளே கொக்கியும் விலகிவிட்டது. புது ஆள் மிஷினைக் கெடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது மெக்கானிக். எல்லோரும் மிஷின்காரக்கா என்பார்கள். மூடியைத் திறந்தார், என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், கால் மணி நேரத்தில் சரிசெய்தார், நோட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு வருடம் கழித்துத்தான் அந்த நோட்டு என் கையில் சிக்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பழைய தேய்மானம்" என்று இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போவேன். அப்படித்தான் அந்தக் காருக்கு சீட்டு தைக்கப் போனேன்.

அவர் வீட்டு ஷெட்டில் அது கிடந்தது. அறுபது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை இல்லை, சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பிச் சக்கரம். முழு வண்டியாக அல்ல, அறுபது எழுபது பிஸ்கட் டப்பாவாகக் கிடந்தது. வாங்கியவர் அக்காவின் வீட்டுக்காரர். பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஆசையாகக் கழற்றி, ஒவ்வொரு டப்பாவிலும் அச்சடித்த மாதிரி எழுத்தில் எந்தச் சாமான் என்று எழுதி வைத்தார். அதற்குள் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போயிற்று. தடி ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறினார். ஆனால் தூரிகையைத் தொடவில்லை, ஷெட்டுப் பக்கம் முகத்தையும் திருப்பவில்லை. ஐந்து வருடம்.

இந்த நிலைமையில் வாகன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்குள் வண்டியை ஓட்டி வந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள், பிறகு அது எந்தக் காலத்திலும் ரோட்டில் ஏற முடியாது. வீட்டுக்காரர் கடிதத்தை மடித்துக் கொடுத்து, "இரும்புக்குப் போட்டுடு" என்றார். அவர் தம்பி டைல்ஸ் கடைக்காரர், அந்த ஷெட்டின் மேல் கண் வைத்திருந்தவர். லாரிக்கே சொல்லிவிடலாம் என்றார்.

"எல்லாத்தையும் நானே திரும்பப் பூட்டறேன்" என்றார் அக்கா.

"தையல் மிஷினுக்கு நாலு சக்கரம் வச்சா காராயிடாது அண்ணி."

"ஆகாதுதான். ஆனா இதுல ஊசி இல்ல, நூல் அறுக்காது. உங்க அண்ணன் மனசுக்கு இது ரோட்ல ஏறணும் தம்பி. அவ்வளவுதான்."

ஞாயிறும் விடுமுறையும் ஷெட்டிலேயே கழிந்தன. நம் ஊர் ஸ்பேனர் எதுவும் அந்த நட்டுகளுக்குப் பொருந்தவில்லை. பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி ஒரு செட் சேர்த்தார். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை, பெட்ரோலோடு காற்றைக் கலக்கிற ஒரு கார்புரேட்டருக்கும் அடுத்ததற்கும் மாற்றி மாற்றிக் காட்டுவார். இரண்டும் ஒரே சத்தத்தில் மூச்சு விடும்வரை திருகுவார். கார்புரேட்டரில் விட லேசான எண்ணெய் வேண்டியிருந்தது. தையல் மிஷின் எண்ணெயையே விட்டார், சரியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு ரெக்சினில் நான் சீட்டு தைத்தேன்.

கெடு சனிக்கிழமை. வியாழன் காலையில் வண்டி முதன்முதலாகத் தெருவில் இறங்கியது. நானும் ஏறிக்கொண்டேன். மூன்றாவது தெரு முனையில் என் பக்கத்துச் சக்கரத்திலிருந்து ஒரு நட்டு கழன்று, எங்களுக்கு முன்னால் தானாக உருண்டுகொண்டே போயிற்று. அக்கா உடனே நிறுத்தினார். நான் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தேன். செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்கினோம். திரும்பி வருவதற்குள் நான்கு நட்டும் தளர்ந்துவிட்டன.

கொழுந்தனார் வாசலில் நின்றிருந்தார். "முன்னாடி உருண்டு போச்சே ஒண்ணு, அதுக்கு மட்டும் பதிவு வாங்கிடலாம் அண்ணி."

அக்கா குனிந்து ஒரு நட்டைக் கழற்றி எடுத்தார். அந்தச் சக்கரங்களைப் பிடிப்பது, நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டுதான். இடப்பக்கம் மரை ஒரு திசையில் சுற்றும், வலப்பக்கம் எதிர்த்திசையில். அப்படி இருந்தால்தான் ஓட ஓட இறுகும். பக்கம் மாறினால் ஓட ஓடக் கழலும். எந்தப் பக்கத்து நட்டு என்று அதில் பொறித்திருந்தது, புதிதாக முலாம் பூசிக் கொடுத்தவர் தேய்த்த தேய்ப்பில் போய்விட்டது. ஆனால் நட்டும், அது திருகுகிற சக்கரக் குடமும் இருந்த டப்பாக்களில்தான் இடது, வலது என்று அழகாக எழுதியிருந்ததே. அதன்படிதானே பூட்டினார்.

அன்று சாயங்காலம் நான் அக்காவின் ரவிக்கை ஒன்றுக்குக் கை மாற்றித் தைத்து, அவருக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் நின்று, "இடது கை கொஞ்சம் இறுக்குதாக்கா?" என்று கேட்டேன். அவர் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அது என் வலப்பக்கம் இருந்தது. அப்படியே ரவிக்கையோடு ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வீட்டுக்காரரிடம் போனார்.

"ஏங்க, சக்கரத்தக் கழட்டும்போது நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"முன்னாடிதான். ஸ்டூல் போட்டு, வண்டியப் பாத்தாப்ல."

"அப்ப உங்க இடது கைப் பக்கத்த இடதுன்னு எழுதினீங்க."

"பின்ன? பலகைய நான் எதிர்ல நின்னுதானே எழுதறேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "சட்டைக்கு இடதுன்னா போடறவனுக்கு இடதுங்க. வண்டிக்கு இடதுன்னா ஓட்டறவனுக்கு இடது. நீங்க எழுதின அழகுல நான் மயங்கிட்டேன்."

வீட்டுக்காரர் தடியை எடுத்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஷெட்டுக்குள் வந்து, அதே ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து, "அந்த வலதக் கொண்டா, அதான் இடது" என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை அக்கா லீவு போட்டார். நான்கு சக்கரக் குடத்தையும் நட்டோடு பக்கம் மாற்றினார்கள். சாயங்காலம் அக்கா ஊரையே இரண்டு சுற்று சுற்றி வந்தார். நட்டை அசைக்க என்னால் முடியவில்லை, கொழுந்தனாராலும் முடியவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் வெள்ளைப் பெயின்ட் குழைத்து, வண்டியின் நம்பரைத் தன் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அலுவலகத்தில் அதிகாரி வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். ஓட்டியும் பார்த்தார்.

"எந்த ஒர்க்‌ஷாப்மா?"

"தையல் கம்பெனி சார்."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தத்துக்கு நான் கும்பிட்டேன். திரும்பும்போது நான் பின்னால் ஆட்டோவில் வந்தேன்; வீட்டுக்காரர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கடைத்தெருவில் தான் எழுதிய பலகைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். வாசலில் கொழுந்தனார், "அண்ணி, நானும் ஒரு ரவுண்டு" என்றார்.

"லாரிக்குச் சொல்லியிருந்தீங்களே, அதுல போங்க" என்றவர், சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் மகள் இருக்கிற ஊருக்கே குடிபோனார்கள். சாமானெல்லாம் வேனில் போயிற்று. அவர்கள் இருவரும் அந்த வண்டியில். நான் வழியனுப்பப் போனவள், வண்டி முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அக்காவை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் லேசாக ஹாரன் அடித்துவிட்டுச் சொன்னார்:

"பின்னாடி போய் நின்னு கும்பிடு புள்ள. அப்பதான் உன் வலது எனக்கும் வலது."