தகப்பன் படிப்பு என்ன?

பிள்ளைகளே, திருத்தணியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி வாசலில் பேருந்துக்காக நிற்கிறேன். சுவரில் பள்ளியின் வரலாறு, வாய்விட்டுப் படிக்கிறேன்: போலந்திலிருந்து வந்த பாதிரியார், பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாகக் கெஞ்சினாராம்.

மகளுக்கு இடம் கிடைக்க முருகனுக்கு மொட்டை போட்டுவந்த பொதட்டூர்பேட்டை நெசவாளர் அவளோடு பக்கத்தில் நிற்கிறார்.

“எங்க தாத்தாவையும் கூப்ட்டாருங்க. தறிக்குழியில ஒளிஞ்சிகினாராம்!”

சிரித்துவிட்டு விண்ணப்பத்தை நீட்டுகிறார்.

“தகப்பன் படிப்பு இன்னான்னு கேக்கறாங்க. எனக்கு எழுத்தே தெரியாது. ‘இல்ல’ன்னு போட்டா பாப்பாவுக்கு சீட் குடுப்பாங்களா? நல்லதா ஒண்ணு எழுதுங்க சார்.”

எட்டாவதோடு நின்றவன் நான். ‘படிக்கவில்லை. அதனால்தான் மகளை அழைத்து வந்திருக்கிறேன்’ என்று எழுதுகிறேன். கட்டம் போதவில்லை, எழுத்து வெளியே ஓடுகிறது.

அவர் முகம் மலர்கிறது. “இவ்ளோ நீளமா? அப்போ பெரிய படிப்புதான், சார்!”