மெல்பர்னில் செய்த கால்

மெல்பர்னில், பழங்கால மரச்சாமான்கள் விற்கும் ஒரு கடையில் நிற்கிறேன். கடையை நடத்தும் ரெஜினா அன்ரி இலங்கையின் மன்னார்க்காரர். இத்தாலிய முதியவர் ஒருவர் விற்கக் கொண்டுவந்த, பரோக் என்னும் பழைய ஐரோப்பியப் பாணி நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிறார். அதன் உயர்ந்த முதுகில் இலைகளும் சிப்பிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கால்கள் கயிறுபோல் முறுக்கேறியிருக்கின்றன.

"மூண்டு கால் பழசு. இது மட்டும் வேற மரம்," என்கிறார் என்னிடம். "கதிரையின்ர மதிப்புக் குறையும்."

அதையே முதியவரிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்கிறார். அவர் முகம் வாடுகிறது. நேப்பிள்ஸிலிருந்து கப்பலில் வந்தபோது ஒரு கால் உடைந்துவிட்டதாம். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், கிடைத்த யூகலிப்டஸ் கட்டையில் அவருடைய அப்பா செதுக்கிய கால் இது. அதை யாரும் போலி என்று சொல்லிவிடக் கூடாது என்கிறார்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று அன்ரியைக் கேட்கிறேன்.

"உள்ளதை எழுதிப்போட்டு விப்பன்."

நாற்காலியில் கட்டும் விற்பனைச் சீட்டில் நேப்பிள்ஸ் என்று எழுதுகிறார். அப்பாவின் பெயரைக் கேட்டு, நான்காவது காலைச் செய்தவர் என்று அதன் கீழே சேர்க்கிறார். முதியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கிறார். பிறகுதான் நாற்காலியிலிருந்து கையை எடுக்கிறார்.